வேலிச் சண்டைக்காரன் காத்த வீடு

சந்தியில் முதல் நாள்

என்னுடைய முதல் நாள் வேலை ட்ரக்டர்களுக்குக் கை காட்டுவது. அவ்வளவுதான். இடுப்பில் துப்பாக்கி, தலையில் சிவப்புத் தொப்பி, கையில் எம்.பி. என்று எழுதிய பட்டி, எல்லாம் இருந்தன. ஆனால் காலையிலிருந்து பொழுதுபடும் வரை ஒரு நாற்சந்தியின் நடுவில் நின்று, நீ போ, நீ நில், நீ வா என்று கையை ஆட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. பின்னேரம் தோள்மூட்டு கழன்று விழுந்துவிடும் போல வலித்தது.

1999ஆம் ஆண்டுக் கோடை. கொசோவோவில் ஒரு சின்ன டவுன். பெயர் வேண்டாம், அங்கே இருந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுவரை ஊரைப் பிடித்து வைத்திருந்த சேர்பியப் படை விட்டுப் போக, நாங்கள் உள்ளே போயிருந்தோம். நாங்கள் என்றால் கனடிய ஆமி. அதில் நான் மிலிட்டரி பொலிஸ், அதுதான் அந்த எம்.பி., தரத்தில் கோப்ரல். காட்டிலும் மலையிலும் ஒளித்திருந்த அல்பேனியச் சனம் ட்ரக்டர் பெட்டிகளில் மெத்தை, அடுப்பு, கோழிக்கூடு, கிழவிமார் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு திரும்பி வந்துகொண்டிருந்தது. சந்தியில் சிக்னல் லைற் இல்லை, ஏனென்றால் ஊரில் கரண்டே இல்லை.

ஊரை விடுவித்தாயிற்று என்று ரேடியோவில் ஒரு வசனத்தில் சொல்லிவிடுவார்கள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று எங்களைக் கேட்க வேண்டும். போன படையோடு ஊர்ப் பொலிஸும் போய்விட்டது. வழக்குக்குக் கோட்டும் இல்லை, அடைத்து வைக்க மறியல் வீடும் இல்லை. மாடு களவு போனாலும் எங்களிடம்தான் வருவார்கள், மனிதன் காணாமல் போனாலும் எங்களிடம்தான் வருவார்கள். எங்களுடைய சிப்பாய்மார் குடித்துவிட்டுக் கலாட்டா பண்ணினால் அவர்களையும் நாங்கள்தான் பிடிக்க வேண்டும். இப்போதும் கலியாண வீடுகளில் இளம் பிள்ளைகள் என்னைப் பிடித்து, "அங்கிள், ஆரையும் சுட்டிருக்கிறீங்களோ?" என்று கேட்பார்கள். இல்லை ராசா, மாடு பிடித்திருக்கிறேன் என்று சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

அந்த முதல் நாள் ஒரு ட்ரக்டர் எனக்கு நல்ல தூரத்திலேயே நின்றது. ஓட்டி வந்தவர் இறங்கினார். தொப்பியைக் கழற்றினார். ஏதோ ஒரு அடையாள அட்டையை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி என்னை நோக்கி நடந்து வந்தார். நான் அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஆமிக்காரர் மறிக்கிற சென்றியைக் கண்டதும் சைக்கிளால் இறங்கி உருட்டிக்கொண்டு, கேட்க முந்தியே ஐசியைக் கையில் எடுத்துப் பிடித்துக்கொண்டு போன பெடியன் நான். அந்த மனிதர் நின்ற நிலையை என் உடம்புக்குத் தெரியும்.

"ஐயோ, ஏறுங்கோ ஐயா, ஏறிப் போங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். அவருக்குத் தமிழ் விளங்கியிருக்காது, கை விளங்கியிருக்கும். ஏறிப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் வெட்கம் என்று கேட்டால் இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது.

அம்மாவும் ஆமியும்

நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கனடாவில், கியூபெக் பக்கம் லாசாலில் ஒரு அப்பாட்மென்ற் வீட்டில் அம்மாவும் நானும். அம்மாவுக்குத் தையல் ஃபக்டரியில் வேலை. நான் படித்துக்கொண்டிருந்தேன். என்னுடைய கூட்டாளிகள் டெப்பனர் என்கிற மூலைக்கடைகளில் நின்று சிகரெற் விற்றார்கள், ரெஸ்ரோறண்டுகளில் கோப்பை கழுவினார்கள். நான் ரிசேர்வ் ஆமியில் சேர்ந்து சனிக்கிழமைகளில் சப்பாத்து மினுக்கினேன். கோப்பை கழுவுவதை விட அது சுகம் என்று நினைத்தது என்னவோ உண்மை.

யூனிபோர்மோடு முதல் நாள் வீட்டுக்குள் வந்தபோது அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆமிக்குப் பயந்து பிள்ளையைக் கொண்டு ஓடி வந்தனான். பிள்ளை இஞ்ச வந்து ஆமியிலயே சேர்ந்திட்டுது. இதை நான் ஆருக்குச் சொல்லி அழ?"

"அம்மா, இது வேற ஆமி. அதோட நான் பொலிஸ் பக்கம்."

"ஆமியும் வேண்டாம், பொலிஸும் வேண்டாம் எண்டால், நீ ரெண்டையும் சேர்த்தெல்லோ கொண்டு வந்திருக்கிறாய்!"

கோயிலில் அக்காமார் கேட்டால் அம்மா, "மகன் செக்கியூரிற்றியில வேலை" என்று சொல்லிச் சமாளிப்பார். கொசோவோவுக்குப் போகிறேன் என்றபோது மட்டும் சண்டை பிடிக்கவில்லை. திருநீற்றைப் பூசிவிட்டு, "பேந்து என்ன, சனத்தைப் பயப்பிடுத்தாமல் வேலை செய்" என்றார். பயிற்சியில் எங்களுக்கு எத்தனையோ புத்தகம் தந்தார்கள். இந்த ஒரு வசனம் அதில் இருக்கவில்லை.

கதவில் ஒட்டிய நோட்டீஸ்

எங்கள் கப்டன் கியூபெக்காரர், லவாலில் பிறந்து வளர்ந்தவர். உயரமான, மெலிந்த, கோபம் வந்தால் காது சிவக்கும் மனிதர். நல்லவர். அவர் கதைத்தது முழுக்கப் பிரெஞ்ச். நான் தமிழில் எழுதும்போது அவரும் யாழ்ப்பாணத்தான் மாதிரித்தான் வருவார், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டவுனில் சேர்பியர்களும் கொஞ்சப் பேர் இருந்தார்கள். அல்பேனியச் சனத்தின் வீடுகளை, முந்தி அங்கே அதிகாரம் பண்ணியவர்கள் போகும்போது எரித்துவிட்டுப் போயிருந்தார்கள். திரும்பி வந்த சனம் தன் வீட்டைக் கரியாகப் பார்க்கிறது. பக்கத்தில் சேர்பியன் வீடு ஓட்டோடு முழுசாக நிற்கிறது. பிறகு என்ன நடக்கும்? கல் விழும். பயத்தில் அந்த வீட்டுக்காரர் எங்களிடம் வந்து, தங்களைப் பத்திரமாகச் சேர்பிய எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விடச் சொல்லுவார்கள். நாங்கள் முன்னும் பின்னும் காவல் ஜீப்போடு கொன்வோய் போட்டுக் கொண்டுபோய் விடுவோம். கொன்வோய் போய் அடுத்த சாப்பாட்டு நேரத்துக்குள் அந்த வீட்டிலிருந்து புகை வரும்.

எல்லா வீட்டுக்கும் காவல் போட எங்களிடம் ஆள் இல்லை. அதனால் நோட்டீஸ் அடித்தோம். 'இந்த வீடு படையின் பாதுகாப்பில் உள்ளது, உள்ளே புகுவோர் கைது செய்யப்படுவர்' என்று இரண்டு பாஷையில். நானும் வாளியும் பசையுமாகப் போய், தேர்தலுக்கு ஒட்டுகிற மாதிரி உற்சாகமாக ஒட்டினேன்.

ஒட்டின வீடுகள்தான் முதலில் எரிந்தன.

எங்களுக்கு அது பிடிபடவில்லை. காரணத்தைச் சொன்னது எங்களுடைய மொழிபெயர்ப்பாளர் வியோசா. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படிப்பித்த அல்பேனிய ரீச்சர், வாயில் எப்போதும் சிகரெற்.

"கோப்ரல், நீங்கள் நோட்டீஸ் ஒட்டுறது வெறும் வீட்டுக்கு மட்டும்தானே? எதெது வெறும் வீடு எண்டு ஊருக்கு முழுக்கத் தெரியாமல் இருந்துது. இப்ப நீங்கள் கதவுக் கதவாச் சொல்லிவிட்டியள்" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கப்டனிடம் சொன்னேன். அவருடைய காது சிவந்தது, கியூபெக் சனம் தேவாலயச் சாமான்களின் பெயரை வைத்துத் திட்டும் திட்டு ஒன்றை நீளமாகத் திட்டினார். நோட்டீஸை நிறுத்தினோம். அதற்குப் பதிலாக என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

பார்த்துக்கொண்டு நின்றவர்கள்

பாலத்தடி ஒழுங்கை என்ற ஒடுங்கிய தெருவில் மிலான் என்று ஒரு சேர்பியக் கிழவர் தனியாக இருந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. மகள் எல்லைக்கு அப்பால் இருந்தார். முற்றத்தில் தேன்கூடுகள், மதிலோடு ஒரு பெரிய பிளம்ஸ் மரம். பக்கத்து வளவு அகிமுடையது. அகிம் அல்பேனியன், மேசன். அவருடைய வீட்டில் நாலு சுவர் மட்டும் மிச்சம். கறுத்துப்போன அந்தச் சுவரில் ஒரு பிளாஸ்ரிக் விரிப்பைக் கட்டி, அகிமும் மனைவி ஷ்ப்ரேசாவும் அதற்குக் கீழே இருந்தார்கள்.

மிலானின் ஓட்டில் ஒவ்வொரு நாளும் கல் விழுந்தது. ஒருநாள் நாங்கள் போனபோது நெற்றியில் துணி கட்டியிருந்தார். கல் இப்போது ஓட்டைத் தாண்டி ஆளுக்கும் வந்துவிட்டது என்று விளங்கியது. வெள்ளிக்கிழமை கொன்வோய், அதில் கிழவரை ஏற்றிவிடு என்று கப்டன் எனக்குச் சொன்னார்.

மிலான் முற்றத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"நான் போனால் வீடு பின்னேரமே எரியும். இல்லையெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று வியோசா மூலம் என்னைக் கேட்டார்.

நான் உடைந்த ஓடுகளை அண்ணாந்து பார்த்தேன்.

"அப்ப நான் போகேல்லை. எரிக்கிறதெண்டால் என்னையும் சேர்த்து எரிக்கட்டும்."

அது வாய்ப்பேச்சு இல்லை. அடுத்த கல் நெற்றியில் படாமல் பிடரியில் பட்டால் கதை முடிந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் அகிம் கரிக்கட்டைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் போய், கல் எறிகிறது யார் என்று கேட்டேன்.

"எனக்குத் தெரியாது."

"உங்கட அயலவரெல்லோ, ஒரு வார்த்தை சொல்லலாம்தானே?"

அகிம் கரி அள்ளிய சவளை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ர வீட்டைக் கொளுத்தேக்க அவன் அந்தா, அந்த ஜன்னல் சீலைக்குப் பின்னால நிண்டு பார்த்துக்கொண்டு நிண்டவன். அவன் ஒரு வார்த்தை சொன்னவனோ?"

நான் திரும்பி வந்து மிலானிடம் இதைக் கேட்டேன். கிழவர் மறுக்கவில்லை. "ஓம், நிண்டனான். துவக்கோட வந்த ஆக்களுக்கு முன்னால நான் பொல்லைக் கொண்டு போய் என்ன செய்ய?" என்றார்.

ரெலிபோனில் பரமேசு

கிழமைக்கு ஒருமுறை வீட்டோடு கதைக்க எங்களுக்கு ரெலிபோன் தருவார்கள். வரிசையில் நின்று எடுத்தால் அம்மா முதலில் கேட்பது, "சாப்பிட்டியோ?" இரண்டாவது, "குளிரோ?" கோடை அம்மா என்று நான் ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். அன்றைக்கு மனம் சரியில்லாதபடியால் மிலான் கதையைச் சொன்னேன்.

"அப்ப வீட்டில ஒரு ஆளை இருத்திப் போட்டுப் போறதுதானே, மோனை. வெறும் வீடு எண்டால் ஆமி எடுக்கும், இல்லாட்டிக் கள்ளன் எடுப்பான். நாங்கள் செய்யேல்லையே?"

இதை வாசிக்கிற இளம் ஆட்களுக்கு அது புதிதாக இருக்கலாம். யாழ்ப்பாணத்தில் வெளிக்கிட்டவர்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வரவில்லை. யாராவது ஒரு குடும்பத்தைச் சும்மா இருத்திவிட்டுத்தான் வந்தார்கள். முற்றம் கூட்டி, பின்னேரம் விளக்கு வைத்தால் போதும். ஆள் புழங்குகிற வீட்டுக்கு ஒருத்தரும் கிட்ட வர மாட்டார்கள் என்பது கணக்கு.

"அதுக்கு நம்பிக்கையான ஆள் வேணுமே அம்மா. கிழவனுக்கு இஞ்ச ஒருத்தரும் இல்லை."

"பக்கத்து வீட்டுக்காரன்?"

"அவங்கள் ரெண்டு பேரும் முகம் பார்த்துக் கதைக்கிறேல்லை."

அம்மா சிரித்த சிரிப்பில் ரெலிபோன் கரகரத்தது. "எட விசரா, நானும் பக்கத்து வளவுப் பரமேசுவும் கதைச்சனாங்களே? எத்தினை வருச வேலிச் சண்டை! வேலிக் கதியாலை அவள் இரவில தள்ளி நட, விடிய நான் பிடுங்கி எறிய, கோட்டு வரைக்கும் போனது உனக்கு ஞாபகம் இல்லையே? வெளிக்கிடேக்க வீட்டை ஆரிட்டக் குடுத்தனான்?"

எனக்குச் சுரீர் என்று நினைவு வந்தது. அம்மா வீட்டைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தது பரமேசு மாமியிடம்தான். ஷெல் விழுந்து ஓடு பறந்த தன் வீட்டில்தான் அவர் அப்போது இருந்தார்.

"சொந்தக்காரருக்குக் குடுத்தால் வளவுக் கோடியில என்ன மரம் நிக்குது எண்டே தெரியாது, கதவைப் பூட்டிப் போட்டுத் தங்கட பாட்டில போயிடுவினம்" என்றார் அம்மா. "சண்டை பிடிச்சவளுக்குத்தான் என்ர வளவில எத்தினை தென்னை, எத்தினை பனை எண்டு தெரியும். அதில ஒரு ஓலை குறைஞ்சாலும் ஊர் அவளைத்தான் சொல்லும். அந்த ரோசத்திலயே பார்ப்பாள். அன்பை நம்பாத, ரோசத்தை நம்பு."

அடுத்த ஆள் என் தோளில் தட்டினான். நேரம் முடிந்துவிட்டது.

கப்டன் கேள்விப்படவில்லை

காலையில் கப்டனிடம் போய், மிலான் வீட்டில் அகிமை இருத்தினால் என்ன என்று கேட்டேன்.

"நாங்கள் பொலிஸ். வீடு பார்த்துக் குடுக்கிற ஆக்கள் இல்லை" என்றார். "நாளைக்கு அவன் வீட்டை விடமாட்டன் எண்டால்? படை பிடுங்கிக் குடுத்தது எண்டு கதை வந்தால்? உனக்கு விளங்குதோ?"

விளங்கியது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அகிம் வீட்டை ஒரேயடியாக வைத்துக்கொள்ளவும் கூடும். எழுத்தில் எதையும் போட எங்களுக்கு அதிகாரமும் இல்லை.

"வேற வழி இருந்தால் சொல்லுங்கோ சேர்" என்றேன்.

அவர் கோப்பிக் கோப்பையைக் கையில் வைத்துச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, "நான் பிரிகேட் ஒஃபிஸுக்குப் போறன். நீ சொன்னதை நான் கேள்விப்படேல்லை" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். என்னுடைய சேவைக் காலத்தில் மேலதிகாரிகள் எனக்குத் தந்த உத்தரவுகளில் இதுதான் சிறந்தது.

முதலில் மிலானிடம் போனோம். வியோசா சொல்லச் சொல்லக் கிழவரின் முகம் கோணியது. "அகிமோ? என்ர பிளம்ஸ் கிளையைப் பற்றி அரசாங்கக் கச்சேரிக்குப் பெட்டிசம் எழுதினவனோ?" என்றார். பிளம்ஸ் மரத்தின் பாதி மதிலைத் தாண்டி அகிமின் வளவுக்குள் நின்றதையும், பழம் விழுந்து குளவி மொய்ப்பதாக அகிம் பல காலம் சண்டை பிடித்ததையும் அப்போதுதான் அறிந்தேன். எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். வேலிச் சண்டை! இது எங்களுடைய ஊர் வியாதியெல்லோ என்று நினைத்துக்கொண்டேன்.

"ஐயா, உங்கட மரத்தில எத்தினை கிளை எண்டு இந்த ஊரில வேற ஆருக்குத் தெரியும்?" என்று கேட்டேன். கிழவர் கதிரையை விட்டு எழும்பி, சரி என்பதுபோல மதில் பக்கம் கையைக் காட்டினார்.

அகிம் மசியவில்லை. "பார்த்துக்கொண்டு நிண்டவன்ர வீட்டை நான் காக்கிறதோ? செத்தாலும் மாட்டன்" என்று துப்பினார். வியோசாவும் நானும் திரும்பி நடக்க வெளிக்கிட்டோம். அப்போது பின்னால் ஷ்ப்ரேசாவின் குரல் கேட்டது. அதுவரை அந்தப் பெண் எங்களோடு ஒரு சொல் பேசியதில்லை. கையில் ஈர உடுப்பு, கண்ணில் நெருப்பு. வியோசா சிகரெற்றைக் கீழே போட்டுவிட்டு மெல்லிய குரலில் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார்.

"அவன் பார்த்துக்கொண்டு நிண்டவன், சரி. கிழவன்ர நெத்தி உடைஞ்ச அண்டைக்கு நீ எங்க நிண்டனி? இந்த மதிலடியில நிண்டனி. எறிஞ்சவங்களை உனக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொன்னனியோ? நீயும் பார்த்துக்கொண்டுதான் நிண்டனி."

அகிம் சவளைக் கீழே போட்டார். மதிலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். முகம் செங்கல் போலச் சிவந்துவிட்டது. கடைசியில், "அந்தக் கிளை வெட்டுப்படும். அதை அவனுக்குச் சொல்லுங்கோ" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் மிலான் அகிமை வீடு முழுக்கக் கூட்டிக்கொண்டு திரிந்தார். தண்ணீர்ப் பம்பை எங்கே தட்டினால் வேலை செய்யும், எந்தக் கூட்டுத் தேனீ பொல்லாதது, எல்லாம் காட்டினார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், பம்பைப் பார்த்தும் தேன்கூட்டைப் பார்த்தும் பேசினார்கள். பிளம்ஸ் மரத்தடிக்கு வந்ததும் சத்தம் கூடியது, கை நீண்டது. நான் பயந்துபோய் வியோசாவைப் பார்த்தேன்.

"விடுங்கோ கோப்ரல்" என்றார் வியோசா. "குளவிக் கதை. இப்பதான் முகத்தைப் பார்த்துக் கதைக்கினம்."

கொன்வோய் புறப்பட்டபோது மிலான் வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஷ்ப்ரேசா கொடுத்துவிட்ட ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார்.

சந்தியிலிருந்து பார்த்தது

பின்னேரம் எனக்குச் சந்தியில் வேலை. அங்கிருந்து பார்த்தால் பாலத்தடி ஒழுங்கை தெரியும். ஏழெட்டு ஆம்பிளைகள் பெற்றோல் கானோடு ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். நான் கூட நின்றவனிடம் சந்தியைக் கொடுத்துவிட்டு ஓடினேன். வியோசா எனக்குப் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து, ஒழுங்கை மூலையில் என் கையைப் பிடித்து இழுத்தார்.

"உள்ளுக்குப் போகாதேங்கோ! நீங்கள் போனால் அது படையின்ர வீடு. நாளைக்கு நீங்கள் இல்லாத நேரம் கொளுத்துவாங்கள். அகிம் கதைக்கட்டும்."

நான் அங்கேயே நின்றேன். ரேடியோவில் மற்ற ஜீப்பை ஒழுங்கையின் அடுத்த தொங்கல் முனைக்கு வரச் சொன்னேன், அவ்வளவுதான். என் வாழ்க்கையில் சும்மா நின்றதற்கு அந்த அளவு பயந்தது கிடையாது. ஏதும் பிழைத்துப்போனால் ஒரு வீடு போகும், அகிம் அடிபடுவார், அவர்களை அங்கே இருத்தியவன் நான்.

அகிம் வாசற்படியில் நின்றார். மிலானின் கொடியில் ஷ்ப்ரேசா உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார், வந்தவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. அங்கே பேசியதை வியோசா என் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்களில் ஒருவன், "தள்ளு, இது சேர்பியன்ர வீடு" என்றான்.

"இதில இருக்கிறது நான்" என்றார் அகிம்.

"நீ அவன்ர காவல் நாயோ?"

"என்ர வீட்டைக் கொளுத்தேக்க இந்த ஒழுங்கையில ஒரு ஆளும் வரேல்லை. இப்ப கொளுத்த மட்டும் இவ்வளவு பேர் வந்திருக்கிறியள். ஊத்துறதெண்டால் ஊத்துங்கோ. அந்தா என்ர மனிசியின்ர உடுப்பு, அதில இருந்து துவங்குங்கோ."

கான் வைத்திருந்தவன் அதை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி நடந்தார்கள். கடைசியாகப் போனவன் ஒரு கல்லை எறிந்தான், ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்தது. அகிம் தெருவுக்கு ஓடிவந்து, "டேய், அந்தக் கண்ணாடிக்குக் கிழவன் என்னையெல்லோ ஏசுவான்!" என்று கத்தினார்.

அதைக் கேட்டு நான் மூலையில் குந்திவிட்டேன். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. வியோசா எனக்கு ஒரு சிகரெற் நீட்டினார். எனக்குப் புகைக்கிற பழக்கம் இல்லை, அன்றைக்கு வாங்கிக்கொண்டேன்.

வேலி

நாங்கள் திரும்புவதற்கு முன் ஒருநாள் அந்த ஒழுங்கைக்குப் போனேன். மிலானின் வீடு நின்றது. கண்ணாடி மாற்றியிருந்தது. அகிமின் சுவர்களுக்கு மேலே புதுக் கூரை மரம் ஏறியிருந்தது. பிளம்ஸ் மரத்தில் மதிலைத் தாண்டி அகிமின் பக்கம் நீண்டிருந்த பெரிய கிளையைக் காணவில்லை. வெட்டின இடத்தில் தார் பூசியிருந்தது. கப்டனிடம் சற்றலைற் போனைக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வியோசா மிலானின் மகள் வீட்டுக்கு எடுத்து, வீடு நிற்பதையும் கிளை போனதையும் சொன்னார். போனை எனக்கு நீட்ட முந்தியே கிழவரின் குரல் கேட்டது. மூச்சு விடாமல் திட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதர் திட்டி நான் கேட்டதில்லை.

அதன் பிறகு இந்த வேலையில் பல வருடம் இருந்தேன். வேறு ஊர்களுக்கும் போனேன். பொலிஸ் வேலைக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்லுவேன். சனம் ஒருவரை ஒருவர் மன்னிக்கும் வரைக்கும் காத்திருந்தால் ஊர் எரிந்துவிடும். மன்னிப்பது அவர்கள் பாடு, அவர்களுக்கு நேரம் எடுக்கும். யாருக்கு அந்த வீட்டைப் பற்றி முழுக்கத் தெரியும், யாருக்கு ரோசம் இருக்கிறது என்று பாருங்கள். நோட்டீஸை ஒட்ட முந்தி ஒரு ஆளைத் தேடுங்கள்.

மார்கழிக் குளிரில் லாசாலுக்கு வந்து சேர்ந்தேன். அம்மா புட்டு அவித்து வைத்திருந்தார். சப்பாத்தைக் கழற்ற முந்தியே, "கிழவன்ர வீடு நிக்குதோ?" என்று கேட்டார். கிளை வெட்டின கதையைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"யாழ்ப்பாணத்தில இருந்து ஒரு ஆள் வந்தது, தம்பி. பரமேசு தன்ர வீட்டுக்கு ஓடு போட்டிட்டாளாம். எங்கட வீட்டில விளக்கும் வைக்கிறாளாம். ஆனால் நடுவேலியை எங்கட பக்கம் தள்ளிப் போட்டிட்டாளாம். கிணத்தடி வரைக்கும்."

எனக்குக் கோபம் வந்தது. "நம்பிக் குடுத்த வளவையோ? ரோசத்தை நம்பச் சொன்னீங்களே அம்மா! இனி என்ன செய்யப் போறியள்?"

அம்மா கோப்பையில் புட்டைப் போட்டு, குழம்பை ஊற்றி, என் முன்னால் வைத்தார். கண் நிறைந்திருந்தது.

"போடட்டும் மோனை, போடட்டும். நாங்கள் திரும்பி வருவம் எண்டு அவள் இன்னும் நினைக்கிறாள். வராத ஆக்களுக்கு ஆர் வேலி போடுவினம்?"